வெள்ளிக்கு உடையவன் உண்டு! நஞ்சுக்கு உடையவன் எவன்?

கழுதைக்குப் பங்கு வழங்கிய வழக்குமன்றம் ஒன்று இவ்வுலகில் இருந்தது. நகையாடுவதற்காகக் கட்டிய கதையன்று இது. அமெரிக்க ஒன்றிய நாட்டின் ஐடகோ நிலப்பகுதியில் நடந்த வழக்கு. ஆவணத்தில் ஏறிய தீர்ப்பு.

ஆண்டு 1885. கூர் தலேன் மலைகளில் பொன் கிடைக்கின்றது என்று கேள்வியுற்று ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்திருந்த காலம். முர்ரே என்னும் பொன்வேட்டைக் குடியிருப்பில் நோவா கெல்லாக்கு என்னும் தச்சர் வேலையின்றி இருந்தார். கூப்பர் என்னும் மருத்துவரும் பெக்கு என்பவரும் அவருக்கு உணவுப் பொருளும் ஒரு கழுதையும் கொடுத்து, கண்டெடுப்பதில் தமக்குப் பங்கு என்று பேசி மலைக்கு விடுத்தனர். மைலோ ஓடைப் பள்ளத்தில் கழுதை வழிதவறியதாகவும், தேடிச் சென்றபோது அது மலைச்சரிவில் வெயில் பட்டு மின்னிய பாறையொன்றை வெறித்தபடி நின்றதாகவும் அவ்வூரார் இன்றும் கதை சொல்வர். மின்னியது வெள்ளி கலந்த காரீயக் கனி. கெல்லாக்கும் ஓரூர்க்கு முதலிய கூட்டாளிகளும் அங்கே கம்பு நட்டு உரிமை கோரினர். ஆனால் சோறும் கழுதையும் கொடுத்து விடுத்தவர்களுக்குப் பங்கு தர மறுத்தனர். வழக்கு மூண்டது. நடுவர் நார்மன் பக்கு தீர்ப்புரைத்தார்: சுரங்கத்தைக் கண்டுபிடித்தோர் கழுதையும் ஓரூர்க்கும் கெல்லாக்கும் ஆவர்; ஆகவே கழுதைக்கு உடையவர்களான கூப்பருக்கும் பெக்குக்கும் 'பங்கர்கில்' என்னும் கோரல் நிலத்தில் பாதியும் 'சல்லிவன்' என்னும் கோரல் நிலத்தில் காற்பங்கும் உரியன.

கழுதையின் பெயரால் இருவர் பங்கு பெற்றனர். மலையின் பெயரால் எவரும் அம்மன்றத்தில் நிற்கவில்லை. மலை எவருடையது என்னும் கேள்வியை வழக்காடியவரும் எழுப்பவில்லை, தீர்ப்புரைத்தவரும் எழுப்பவில்லை.

அம்மலைக்கு மக்கள் இருந்தனர். அவர்கள் தம் மொழியில் தம்மைச் 'சிட்சுவும்சு' என்பர். 'இங்கே காணப்பட்டவர்கள்' என்பது அச்சொல்லின் பொருள். மலையும் காடும் ஏரியும் ஆறும் அடங்கிய ஏறத்தாழ 50 இலக்கம் ஏக்கர் நிலப்பரப்பு அவர்கள் வழிவழி வாழ்ந்த இடம். தோல் வாங்க வந்த பிரெஞ்சு வணிகர்கள், கொடுக்கல் வாங்கலில் இம்மக்கள் ஏமாறாமையைக் கண்டு, 'குத்தூசி நெஞ்சர்' என்று பொருள்படும் 'கூர் தலேன்' என்னும் பெயரை அவர்கள்மேல் ஒட்டினர். (பிரெஞ்சில் 'கூர்' என்பது நெஞ்சைக் குறிக்கும், தமிழ்க் காதுக்கு அது ஊசியின் கூர்மையாக ஒலிப்பது ஒலியொப்பு மட்டுமே.) ஏமாற்ற வந்தவன் ஏமாறாதவனுக்கு இட்ட பெயர் அது. அதுவே இன்று அம்மலைக்கும், ஆற்றுக்கும், ஏரிக்கும், ஏரிக்கரை நகருக்கும் நிலைத்துவிட்டது. 'இங்கே காணப்பட்டவர்கள்' இருந்த இடத்தைத்தான், கெல்லாக்கு 'கண்டுபிடித்தார்' என்று வரலாறு எழுதி வைத்திருக்கின்றது!

வந்தேறிகள் வெறுங்கையோடு வரவில்லை. 1858-ஆம் ஆண்டு மேத் திங்களில் இம்மக்களும் அண்டை இனத்தாரும் சேர்ந்து, தம் நிலத்துக்குள் நுழைந்த அமெரிக்கப் படையொன்றை முறியடித்து விரட்டினர். அவ்வாண்டு செபுதம்பரில் சார்சு இரைட்டு என்னும் படைத்தலைவன் பெரும்படையோடு வந்தான். அப்பகுதி மக்களின் குதிரைகள் எண்ணூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துச் சுட்டுக் கொன்றான். தவசக் கிடங்குகளுக்குத் தீ வைத்தான். குதிரையும் தவசமும் போனபின் எந்த மக்கள் எதிர்த்து நிற்பர்? அடுத்த ஈராண்டில் மல்லன் என்னும் படை அலுவலர் அம்மலைகளின் ஊடே படைவழி ஒன்றை வெட்டினார். கூர் தலேன் ஆற்றின் தென்கிளைப் பள்ளத்தாக்கின் வழியே செல்லும் அவ்வழிதான் பின்னர்க் கனிவேட்டையருக்குக் கதவு திறந்துவிட்டது.

இங்கே ஆண்டுகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1873 நவம்பரில் குடியரசுத் தலைவர் உலிசிசு கிராண்டு, தம் ஆணையால் இம்மக்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அதற்குப் புறம்பான நிலத்தை இம்மக்கள் விட்டுக்கொடுப்பதாக உடன்படிக்கை ஒன்று 1887-இல் எழுதப்பட்டது. அமெரிக்கப் பேராயம் அதை ஏற்று ஒப்புதல் அளித்தது 1891-இல். கெல்லாக்கு கம்பு நட்டதோ 1885-இல்! கொடுத்தவன் கையெழுத்திடுவதற்கு ஈராண்டு முன்பே, வாங்கியவன் ஒப்புவதற்கு ஆறாண்டு முன்பே, நிலம் மூன்றாமவன் கைக்குப் போய்விட்டது. 1891-இல் பேராயத்தார் தாளில் ஒப்பமிட்டபோது, அம்மலையின் வயிற்றிலிருந்து வெட்டிய கனி தொடர்வண்டியில் ஏறிப்போய்க் கொண்டிருந்தது. 1889-இல் எழுதப்பட்ட இன்னோர் உடன்படிக்கையால் ஒதுக்கீட்டு நிலத்தின் வடபகுதியும் போயிற்று. ஓர் ஊரில் ஏழையின் வீட்டில் குடியேறி, கூரையைப் பிரித்து விற்றுவிட்டு, பிறகு வந்து விற்பனை ஆவணத்தில் கைந்நாட்டுக் கேட்டால் அதற்கு என்ன பெயரிடுவர்? அங்கே அதற்குச் சட்டம் என்று பெயர்.

அச்சட்டத்தையும் சற்று விரித்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் எல்லாக் கேட்டுக்கும் வேர் அதில்தான் உள்ளது. 1872 மே 10-ஆம் நாள் இயற்றப்பட்ட பொதுக் கனிச் சட்டம் அது. அதில் ஒப்பமிட்டவரும் அதே கிராண்டு! ஒரு கையால் மக்களுக்கு ஒதுக்கீடு; மறு கையால் கனிவேட்டையர்க்குக் கதவு. அச்சட்டத்தின்படி, அரசின் பொதுநிலம் என்று சொல்லப்பட்டதில் எவன் கனிவரையைக் கண்டுபிடிக்கின்றானோ அவன் நான்கு மூலைக்கும் கம்பு நட்டு, 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் கொண்ட துண்டைத் தனதென்று கோரலாம். ஆண்டுக்கு 100 தாலர் மதிப்புள்ள வேலையை அதில் செய்து காட்டினால் உரிமை நிலைக்கும். ஏக்கருக்கு 5 தாலர் கட்டினால் நிலமே முழு உடைமையாகிவிடும். தோண்டி எடுக்கும் வெள்ளிக்கோ ஈயத்துக்கோ அரசுக்கு உரிமைத்தொகை ஒரு காசும் இல்லை. கனிவரையின் உச்சி ஒருவன் துண்டுக்குள் இருந்தால், அவ்வரை நிலத்தடியில் பக்க எல்லையைத் தாண்டி அண்டையான் நிலத்துக்குள் சென்றாலும் அவன் அதைத் தொடர்ந்து சென்று தோண்டலாம் என்று ஒரு விதியும் உண்டு. அடுத்தவன் வீட்டு அடித்தளத்துக்குள் புகுவதற்கும் அதில் வழி வைத்தனர்!

கண்டவனுக்கே உரிமை என்பதுதான் சட்டமென்றால், எத்தனையோ தலைமுறையாக அம்மலையைக் கண்ணால் கண்டு, காலால் நடந்து, அதன் காயும் கிழங்கும் தின்று வாழ்ந்தவர்கள் கண்டவர்கள் ஆகமாட்டார்களா? 'அவர்கள் ஈயத்தை உருக்கவில்லை, வெள்ளியைப் பிரிக்கவில்லை, பயன்படுத்தத் தெரியாதவனுக்குப் பொருள் எதற்கு?' என்று அச்சட்டத்தின் காவலர்கள் வழக்காடுவர். பரண்மேல் உள்ள பானையை வீட்டுக்காரன் நெடுநாளாகத் திறக்கவில்லை, ஆகவே பானை எனக்குரியது என்று கன்னக்கோலோடு வந்தவன் சொன்னால் ஊரார் ஒப்புவரா? பயன்படுத்தாமை வேறு, உடையவன் இல்லாமை வேறு.

அச்சட்டம் எவற்றைச் சொல்கின்றது என்பதைவிட, எதைச் சொல்லவில்லை என்பதே பெரிது. நிலத்தின் நீளம் சொல்கின்றது, அகலம் சொல்கின்றது, கம்பு நடும் முறை சொல்கின்றது. வெள்ளியை எடுத்தவன் அதோடு கிளம்பும் ஈயத் தூளுக்குப் பொறுப்பானவனா என்று ஒரு சொல் அதில் இல்லை. நாற்புறமும் கம்பு நட்டு, உள்ளிருக்கும் மதிப்பெல்லாம் எனது என்றான். மதிப்பில்லாததெல்லாம் எவனது? கேட்பாரில்லை.

கெல்லாக்கின் கதை விரைவில் முடிந்தது. 1887-இல் போர்த்துலாந்து நகரப் பெருஞ்செல்வர் சிமியோன் இரீடு கோரல் நிலங்களை விலைக்கு வாங்கிப் பங்கர்கில்-சல்லிவன் நிறுவனத்தை அமைத்தார். சில ஆண்டுகளில் சுரங்கம் வேறு முதலாளிகளின் கைக்குப் போயிற்று. கெல்லாக்கு 1903-இல் வறியவராக இறந்தார். ஊருக்கு அவர் பெயர் மட்டும் எஞ்சியது. கம்பு நட்டவனுக்கே அச்சட்டம் நிலைத்த வாழ்வைத் தரவில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும்.

சுரங்கத்தில் இறங்கியவன் என்ன பெற்றான்? நிலத்தடியில் உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்றரைத் தாலர் கூலி என்பது தொழிலாளர் கழகத்தின் கோரிக்கை. அண்டைச் சுரங்கங்கள் பல அதற்கு இணங்கியும் பங்கர்கில் இணங்கவில்லை. கழகத்தில் சேர்ந்தவரை வேலையை விட்டு விலக்கியது. அதற்கு முன்பே, 1892-இல், அப்பள்ளத்தாக்கின் சுரங்க முதலாளிகள் ஒற்றன் ஒருவனைத் தொழிலாளியாக வேடமிட்டுக் கழகத்துக்குள் புகுத்தினர், துப்பாக்கிச் சண்டை மூண்டது, படையாட்சி வந்தது. சிறைப்பட்ட தலைவர்கள் சிறையிலேயே எண்ணித் திட்டமிட்டதன் விளைவாக 1893-இல் மேலை மாநிலங்களின் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு பிறந்தது. 1899 ஏப்பிரல் 29-ஆம் நாள், ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர் தொடர்வண்டியொன்றைக் கைப்பற்றி வந்து, 3,000 பவுண்டு வெடிமருந்தை வைத்துப் பங்கர்கில்லின் கனி பிரிக்கும் ஆலையைத் தகர்த்தனர்.

ஆலையைத் தகர்த்தது அறிவுடைமை என்று எவரும் சொல்லார். ஆலை மீண்டும் எழுந்தது, கழகந்தான் எழவில்லை. மாநில ஆளுநர் கேட்டதும் ஒன்றிய அரசு படை விடுத்தது. வந்த படையில் கருப்பின வீரர்களும் இருந்தனர். தமக்கே உரிமை மறுக்கப்பட்டவர்களைக் கொண்டு பிறர் உரிமையை அடக்கும் அரசமுறை அது. நூற்றுக்கணக்கான தொழிலாளர் வழக்கின்றியும் கேள்வியின்றியும் கொட்டில்களில் பல திங்கள் அடைக்கப்பட்டனர். அவற்றுக்குக் 'காளைக் கொட்டில்' என்றே பெயர் வழங்கியது. கழகத்தைத் துறந்தேன் என்று எழுதிக் கொடுத்தவனுக்கே வேலை இசைவுச் சீட்டு. கழுதைக்கு வழக்குமன்றத்தில் பெயர் இருந்தது. தொழிலாளிக்குக் கொட்டிலில் இடம் இருந்தது.

இனி மலையின் வயிற்றிலிருந்து வந்ததைப் பார்ப்போர், அது வரும் முறையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். அங்கே வெள்ளி தனியே கிடைப்பதன்று. ஈயக் கனியோடும் நாகக் கனியோடும் பிணைந்து கிடப்பது. பாறையை உடைத்து, மாவாக அரைத்து, நீரில் அலசி, கனமான கனியைப் பிரித்தெடுப்பர். எஞ்சிய கழிவு மாவு ஆற்றில் போகும். தொடக்கக் காலக் கருவிகள் கரடானவை ஆகையால் ஈயத்திலேயே பெரும்பங்கு கழிவோடு போயிற்று. நாகத்தைப் பிரிக்கும் வழி அன்று அங்கே இல்லை. ஆகவே அதுவும் குப்பையாக ஆற்றுக்கே. 1928-இல் மின்பகுப்பு முறையில் நாகம் பிரிக்கும் ஆலை எழுந்த பிறகுதான் குப்பை பொருளாயிற்று. அதற்குள் நாற்பதாண்டு கடந்துவிட்டது. பள்ளத்தாக்கின் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஆற்றில் விட்ட கழிவு ஆறு கோடி டன்னுக்கும் மேல். 1968 வரை இவ்வழக்கம் தொடர்ந்தது. ஆறு பால்போல் சாம்பல் நிறமாய் ஓடியதால், மக்கள் அதன் தென்கிளையை 'ஈய ஓடை' என்றே அழைத்தனர்.

'அக்காலத்தில் ஈயத்தின் தீங்கு எவருக்கும் தெரியாது. அறியாமல் செய்ததற்கு இன்று குற்றம் சுமத்தலாமா?' என்று முதலாளியத்தின் வழக்கறிஞர்கள் கண்ணீர் உகுப்பர். இது பச்சைப் பொய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த உழவர்கள், வெள்ளம் வடிந்த பிறகு வயலில் படிந்த சாம்பல் சேற்றைத் தின்ற குதிரையும் மாடும் மடிகின்றன என்று வழக்குமன்றம் ஏறினர். அதற்குச் சுரங்க முதலாளிகள் என்ன செய்தனர்? கழிவை நிறுத்தினரா? இல்லை. உழவர்களுக்குச் சிறுதொகை கொடுத்து, அவர்கள் நிலத்தின்மேல் கழிவைப் படியவிடும் உரிமையை ஆவணமாக எழுதி வாங்கினர்! தீங்கு இன்னதென்று தெரியாதவன் தீங்கு செய்யும் உரிமையை விலைகொடுத்து வாங்குவானா? 1929-இல் ஏரிக்கரை நகரின் செய்தித்தாள் அப்பகுதியைச் 'சாவுப் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டுக் கட்டுரைத் தொடர் எழுதியது. 1932-இல் ஒன்றிய அரசின் மீன்துறை ஆய்வாளர் எல்லிசு ஆற்றில் இறங்கி ஆய்ந்து, கழிவு கலந்த பகுதி நெடுகிலும் மீன் வாழவில்லை என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று; கழிவு மேலும் 36 ஆண்டு ஆற்றுக்குப் போயிற்று.

இவையெல்லாம் ஒரு பக்கம். 1973-இல் நடந்தது மறு பக்கம். முதற்பக்கத்தைப் படித்தவர் சினம் கொள்வர். இரண்டாம் பக்கத்தைப் படிப்பவர் உறங்கமாட்டார்.

கெல்லாக்கு ஊரை ஒட்டி 1917 முதல் ஈய உருக்காலை இயங்கியது. 1968-இல் தெக்சாசு மாநிலத்து ஊசுட்டன் நகரைச் சேர்ந்த கல்பு நிறுவனம் பங்கர்கில்லை வாங்கியது. உருக்காலைப் புகையில் ஈயத் துகள் கலந்து வரும். அதைப் பெரிய துணிப்பைகளின் வழியே செலுத்தி வடிகட்டிய பின்னரே புகைபோக்கிக்கு விடுவர். 1973 செபுதம்பர் 3-ஆம் நாள் அப்பைக் கூடத்தில் தீப்பற்றியது. வடிகட்டும் ஆற்றலின் பெரும்பகுதி அழிந்தது. பை எரிந்தால் உலையை அணைக்க வேண்டும். பை தைத்து மாட்டிய பிறகு மீண்டும் மூட்ட வேண்டும். ஆனால் ஈயத்தின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. உலை அணையவில்லை. வடிகட்டப்படாத ஈயப்புகை பல திங்கள் அப்பள்ளத்தாக்கின்மேல் கவிந்தது.

அப்போது அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் எழுதிய குறிப்பு பிற்காலத்தில் வழக்கின்போது வெளிப்பட்டது. தெக்சாசு மாநிலத்து எல்பாசோ நகரில் வேறொரு நிறுவனத்தின் உருக்காலையால் ஈயநஞ்சு ஏறிய குழந்தைகள் 200 பேர். குழந்தை ஒன்றுக்கு 5,000 முதல் 10,000 தாலர் வரை ஆகும் என்று அவர் முதலில் குறித்தார். பிறகு தம் ஊருக்கு வந்தார். கெல்லாக்கில் 500 குழந்தைகள் என்று வைத்தார். மதிப்பிட்டார். 60 முதல் 70 இலக்கம் தாலர் என்று விடை கண்டார். 

குழந்தை ஒன்றுக்கு இத்தனை தாலர்! சந்தையில் ஆட்டுக்குட்டிக்கு விலை பேசுபவனும் குட்டியைத் தூக்கிப் பார்ப்பான். பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்கள் குழந்தைகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நஞ்சேறும் என்று தெரியும். எத்தனை குழந்தைக்கு ஏறக்கூடும் என்றும் தெரியும். பிடிபட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்தே உலை எரிந்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்துக்கு ஏக்கர் 5 தாலர் என்று விலை வைத்தது. அதன் பேரப்பிள்ளைகள் குழந்தைக்கும் விலை வைத்துவிட்டனர்.

1974-இல் குருதி ஆய்வு நடந்தது. உருக்காலைக்கு ஒரு கல் தொலைவுக்குள் வாழ்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 98-க்கும் மேற்பட்டோரின் குருதியில், 100 மில்லிலீட்டருக்கு 40 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அதுவே அன்று தீங்கின் எல்லை. ஒரு குழந்தைக்கு 164! இன்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நடுவம் குழந்தைகளுக்குக் குறித்துள்ள எச்சரிக்கை அளவு மூன்றரை மைக்கிரோகிராமே என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், அந்த எண்ணின் கொடுமை விளங்கும். ஈயம் எலும்பில் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்துத் தங்குவது. வளரும் மூளையைத் தாக்குவது. படிப்பையும் நினைவையும் அடக்கத்தையும் குலைப்பது. போன அறிவு மருந்தால் மீள்வதன்று. உருக்காலையின் அருகிலேயே தொடக்கப்பள்ளி ஒன்றும் இருந்தது. அதன் பெயர் 'வெள்ளி மன்னன்' பள்ளி. வெள்ளி எவனுடைய மன்னனுக்குப் போயிற்றோ, ஈயம் அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தது.

நிறுவனம் என்ன மருந்து கண்டது? 1975-இல் ஒரு விதி செய்தது: கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் உருக்காலையில் ஈயத்தோடு பணி செய்யக்கூடாது. வேலையை இழக்க அஞ்சிய பெண்கள் சிலர் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். ஆலையைத் திருத்துவதற்குச் செலவாகும். பெண்ணின் கருப்பையைத் திருத்துவதற்கு நிறுவனத்துக்குச் செலவில்லை அன்றோ! அடுத்து, 1970-களின் பிற்பகுதியில், 715 அடி உயரத்தில் ஒன்றும் 610 அடி உயரத்தில் ஒன்றுமாக இரண்டு பெரும் புகைபோக்கிகளைக் கட்டியது. புகையைக் குறைப்பதற்கன்று, தொலைவுக்கு விடுவதற்கு. கந்தகப் புகையால் மரமற்று மொட்டையாகிப் போன சரிவுகளில் நடுவதற்கு, சுரங்கத்தின் உள்ளேயே விளக்கொளியில் மரக்கன்று வளர்த்ததும் அதே நிறுவனந்தான். மலையின் மேல் வளரவிடாத மரத்தை மலையின் வயிற்றில் வளர்த்துக் காட்டினர்!

நஞ்சேறிய குழந்தைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கு 1981-இல் தீர்ப்புக்கு வராமலே பணம் கொடுத்து முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில், ஆலையையும் சுரங்கத்தையும் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 2,000 பேர் வேலையிழந்தனர். 'வேலை கொடுத்தோம், ஊரை வளர்த்தோம்' என்று பெருமை பேசியோர், வெள்ளி வற்றியதால் போகவில்லை. வருவாய் குறைந்ததால் போயினர். பங்கர்கில் தன் வாழ்நாளில் தந்த வெள்ளி 16 கோடி அவுன்சு. ஈயம் 30 இலக்கம் டன்னுக்கு மேல். நாகம் 13 இலக்கம் டன் அளவில். இவ்வளவும் கணக்கில் ஏறி, பங்காளர்களுக்குப் பிரிந்து போயின. ஊரில் தங்கியது மண்ணிலும் குருதியிலும் ஏறிய ஈயம்.

1983-இல் ஒன்றிய அரசு கெல்லாக்கைச் சுற்றி 21 சதுரக் கல் பரப்பை நச்சு நிலம் என்று பட்டியலில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களின் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டினர். கல்பு நிறுவனமோ 1990-களில் நொடித்துப்போய், கடமையிலிருந்து நழுவியது. பெருஞ்செலவு மக்கள் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. 1996 மே 26-ஆம் நாள் அப்புகைபோக்கிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 1899-இல் வெடி வைத்தவர்கள் கொட்டிலில் அடைக்கப்பட்டனர். 1996-இல் வெடி வைத்ததைப் பார்க்க ஊரே கூடியிருந்தது.

ஆற்றோடு போனது எங்கே தங்கியது? கூர் தலேன் ஏரியின் அடியில். ஏழரைக் கோடி டன் அளவுக்கு நச்சுப்படிவு அங்கே கிடப்பதாக அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறை மதிப்பிட்டுள்ளது. ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்புகளில் ஒவ்வோர் இளவேனிலிலும் வடக்கே செல்லும் தூந்திர அன்னங்கள் இறங்குகின்றன. சேற்றைக் கிளறிக் கிழங்கு தின்னும் பறவை அது. கிழங்கோடு ஈயச் சேறும் உள்ளே போகின்றது. இரைப்பை செயலற்று, வயிறு நிறைந்திருந்தும் பட்டினியால் மெலிந்து மடிகின்றன. சிட்சுவும்சு மக்களின் மரபுணவுகளில் ஒன்றும் ஏரிக்கரைச் சேற்றில் விளையும் நீர்க்கிழங்கே. ஏரியின் தென்கோடியில் ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதைத் தோண்டக் கற்றுக்கொடுக்கின்றனர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவ்வாறு தோண்ட வழியில்லை. அங்கே கரையோரங்களில் சேற்றைத் தொட்டால் கைகழுவுமாறு அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன.

வாய்மூடி இருக்கவில்லை அம்மக்கள். 1991-இல் சுரங்க நிறுவனங்களின்மேல் அவர்களே முதலில் வழக்குத் தொடுத்தனர். ஒன்றிய அரசு பின்னர்தான் வந்து சேர்ந்தது. 2001-இல் உச்ச வழக்குமன்றம், ஐந்துக்கு நான்கு என்னும் நடுவர் எண்ணிக்கையில், ஏரியின் தென்பாகத்து மூன்றிலொரு பங்கின் அடிநிலம் அவர்களுக்கே உரியது என்றும், ஒன்றிய அரசு அதை அவர்கள் பொருட்டுக் காத்து வருவது என்றும் தீர்ப்பளித்தது. 2011-இல் எக்லா என்னும் பெருஞ்சுரங்க நிறுவனம் 26 கோடியே 34 இலக்கம் தாலர் தர இசைந்து தன் வழக்கை முடித்துக்கொண்டது. பணம் வந்தது. படிவு அப்படியே கிடக்கின்றது. அதை வாரியெடுத்தால் நஞ்சு மேலும் கலங்கும், விட்டுவைத்தால் காலமெல்லாம் காவல் இருக்க வேண்டும்.

சுரங்கமும் ஓயவில்லை. மலையின் வயிற்றில் ஊறும் காடிநீர் கெல்லாக்கு சுரங்கவழியில் வெளிவந்துகொண்டே இருக்கின்றது. அதைத் தூய்மை செய்யும் ஆலை நிற்காமல் ஓட வேண்டியுள்ளது. 2022-இல் புதிய நிறுவனம் ஒன்று சுரங்கத்தை விலைக்கு வாங்கி, நாகத்துக்கும் ஈயத்துக்கும் வெள்ளிக்குமாக மீண்டும் திறக்க முனைந்தது.

1872-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் உயிரோடு இருக்கின்றது. ஏக்கர் 5 தாலருக்கு நிலத்தையே எழுதிக்கொடுக்கும் பிரிவை மட்டும் 1994 முதல் பேராயம் ஆண்டுதோறும் நிறுத்தி வைத்து வருகின்றது. மற்றவை பெரும்பாலும் அப்படியே உள்ளன. அமெரிக்க ஒன்றிய அரசின் பொதுநிலத்தில் வெள்ளியோ ஈயமோ கண்டவன் இன்றைக்கும் கம்பு நடலாம், கோரல் பதியலாம், எடுத்த கனிக்கு அரசுக்கு ஒரு காசும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை.